குளிர் வேறு, காற்று வேறு: லாரி ஏ.சி.யின் வரலாறும் ஒரு பழுதறிதல் பாடமும்

2025 அக்டோபர் 1 முதல் இந்தியாவில் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. கட்டாயம். மொத்த எடை 3.5 டன்னுக்கு மேல் 12 டன் வரை உள்ள சரக்கு வாகனங்களை என்2 என்றும், 12 டன்னைத் தாண்டியவற்றை என்3 என்றும் மோட்டார் வாகன விதிகள் வகுக்கின்றன. இரு வகைக்கும் இக்கட்டளை பொருந்தும். 2023 ஜூனில் ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி இதை அறிவித்தார். ஜூலையில் வரைவு வந்தது. டிசம்பரில் இறுதி அறிவிக்கை வெளியானது. சோதனைக்கு ஐ.எஸ். 14618:2022 என்னும் தரநிலை சுட்டப்பட்டது.

இந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கது. காலம் கடந்து வந்தது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் விதி புதிய வண்டிக்கு உரியது. லாரியோ பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடும். இரண்டு மூன்று உரிமையாளர்களிடம் கைமாறும். அதன் பத்தாவது ஆண்டின் மே மாதத்தில் ஓட்டுநர் ஒருவர் பட்டறையில் வண்டியை நிறுத்தி, 'ஏ.சி. வேலை செய்யவில்லை' என்கிறார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரு வேறு நோய்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில், காற்று வேகமாக வருகிறது, ஆனால் அது குளிரவில்லை. மற்றொன்றில், வருகின்ற சிறிதளவு காற்று நன்றாகவே குளிர்ந்திருக்கிறது, ஆனால் அது முகத்தை எட்டவில்லை. முதலாவது குளிரின் பழுது. இரண்டாவது காற்றின் பழுது. இரண்டுக்கும் பல இடங்களில் முதலில் கிடைக்கும் மருந்து ஒன்றே: 'கேஸ் போட்டுப் பார்க்கலாம்.'

இக்குழப்பத்துக்கு மெக்கானிக்கை மட்டும் பொறுப்பாக்கிவிட முடியாது. ஏ.சி. என்றால் குளிர் என்ற எண்ணம் நம் மொழியிலும், விளம்பரத்திலும், சட்டத்தைப் பற்றிய பேச்சிலும் வேரூன்றியிருக்கிறது. அக்கருவியின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், அது குளிரின் வரலாறாக இருந்த அளவுக்குக் காற்றை நகர்த்துவதன் வரலாறாகவும் இருந்தது தெரியவரும். பழைய லாரியொன்றில் காற்று ஏன் மெலிகிறது என்று கண்டறியும் முறை அந்த வரலாற்றிலிருந்தே எழுகிறது.

1. பெயரில் இருந்த காற்று

1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த சாக்கெட்–வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில் ஒரு சிக்கல் எழுந்தது. காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் தாள் விரிந்து சுருங்கியது. ஒரே தாளில் நிறம் நிறமாக அடுத்தடுத்து அச்சிடுகையில் ஒரு நிறம் மற்றொன்றின் மேல் பொருந்தி அமரவில்லை. இதற்குத் தீர்வாக வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் வகுத்த அமைப்பையே நவீன ஏ.சி.யின் தொடக்கமாகக் கொள்கிறோம். குளிர்ந்த குழாய்ச் சுருளின் மீது காற்றை விசிறியால் செலுத்தி, அதன் ஈரத்தை வடியச்செய்து, அளவறிந்த காற்றாக அச்சுக்கூடத்துக்குள் அனுப்பினார். அங்கே நோயாளி தாள், குளிர் ஒரு கருவி, மருந்து காற்று.

'ஏர் கண்டிஷனிங்' என்னும் தொடரை 1906இல் வழங்கியவர் கேரியர் அல்லர். ஸ்டூவர்ட் கிரேமர் என்னும் அமெரிக்க நெசவாலைப் பொறியாளர். நூலுக்கு ஈரமேற்றிப் பக்குவப்படுத்துவதை ஆலைகளில் 'கண்டிஷனிங்' என்றனர். நூலுக்குச் செய்வதை நூலைச் சூழ்ந்த காற்றுக்கும் செய்யலாம் என்பதே அவர் கண்ட உவமை. பின்னாளில் பொறியியல் இத்தொழிலுக்கு நான்கு கடமைகளை வகுத்தது: வெப்பத்தை ஆளுதல், ஈரத்தை ஆளுதல், காற்றைச் சுழலவிடுதல், அதைத் தூய்மையாக்குதல். குளிர்வித்தல் இந்நான்கில் ஒன்றின் பாதி மட்டுமே.

இந்திய மொழிகள் இத்தொடரை மொழிபெயர்த்த விதம் கவனிக்கத்தக்கது. ரயில் பெட்டிகளில் காணும் 'வாதானுகூலித்' என்னும் இந்திச் சொல் வாதத்தை, அதாவது காற்றை, அனுகூலமாக்குதல் என்று பொருள்படும். கன்னடத்தின் 'ஹவாநியந்த்ரித'வும் காற்றையே பற்றுகிறது. வங்காளத்தின் 'ஷீதாதப் நியந்த்ரித'வில் காற்று மறைந்து, குளிரும் வெயிலும் நிற்கின்றன. தமிழில் இரு போக்குகளும் உண்டு. பாடநூல் வழக்கில் 'காற்றுப் பதனம்', 'வளிபதனம்' என்கிறோம். தோலைப் பதனிடுதல் என்னும் தொழிற்சொல்லோடு வேர் பகிரும் இப்பெயர் கிரேமரின் நெசவாலை உவமைக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. ஆனால் மக்கள் வழக்கில் வென்றவை 'குளிர்சாதனம்', 'குளிரூட்டி', 'ஏ.சி.' ஆகியவையே. முதலிரண்டிலும் காற்று இல்லை. மூன்றாவதில் அது ஓர் ஆங்கில எழுத்தாகச் சுருங்கிவிட்டது. பெயரில் இல்லாத உறுப்பு பழுதானால் அதைச் சொல்லவும் பெயர் இருப்பதில்லை. 'கூலிங் இல்லை' என்பதே காற்றின் பழுதுக்கும் பெயராகிவிடுகிறது.

2. ஊதுபவரும் குளிர்விப்பதும்

குளிர்விக்கும் உறுப்பும் ஊதும் உறுப்பும் தனித்தனியானவை என்பதை இந்தியாவின் பழைய கருவிகள் வெளிப்படையாகக் காட்டின. 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவின் ஆங்கிலேயர் பங்களாக்களில் 'தெர்மண்டிடோட்' என்னும் கருவி இருந்தது. வெப்பத்துக்கு மாற்றுமருந்து என்று பொருள்படும்படி கிரேக்க வேர்களைக் கொண்டு விளையாட்டாகச் சூட்டிய பெயர் அது. சன்னலோடு பொருத்திய பெட்டிக்குள் ஒரு விசிறிச் சக்கரம். பெட்டியின் பக்கங்களில் நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டிகள். சக்கரத்தைச் சுற்ற ஒரு கூலியாள். தட்டி காற்றைக் குளிர்வித்தது. ஆளின் கை அதை அறைக்குள் அனுப்பியது. கை ஓய்ந்தால் தட்டி எவ்வளவு ஈரமாக இருந்தும் பயனில்லை. அந்தக் கூலியாளின் இடத்தில்தான் இன்று புளோயர் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது.

1934இல் பம்பாய்–பெஷாவர் தடத்தில் ஓடிய ஃபிராண்டியர் மெயிலில் குளிரூட்டிய பெட்டி இணைக்கப்பட்டபோதும் அமைப்பு இதுவே. பெட்டியின் தரைக்கு அடியில் பனிக்கட்டிப் பாளங்கள். வழியில் குறிப்பிட்ட நிலையங்களில் அவை மீண்டும் நிரப்பப்பட்டன. மின்கலத்தால் இயங்கும் ஊதி அப்பனிக்கட்டிகளின் ஊடாகக் காற்றைப் பயணிகளிடம் அனுப்பியது. பனிக்கட்டி தீர்ந்தால் குளிர் நிற்கும். மின்கலம் தீர்ந்தால் காற்று நிற்கும். பயணிக்கு இரண்டும் வெக்கைதான். ஊழியருக்கு அவை இரு வேறு பணிகள்: ஒன்றுக்குப் பனிக்கட்டி வேண்டும், மற்றொன்றுக்கு மின்சாரம் வேண்டும்.

இவ்விரண்டும் ஏன் சேர்ந்தே இயங்க வேண்டும் என்பதற்கு உடலியலில் விடை உண்டு. மனிதத் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ். சூழலின் வெப்பம் அதற்குக் கீழே இருக்கும்வரை வீசும் காற்று உடலிலிருந்து வெப்பத்தைக் கொண்டுசெல்லும். அதைத் தாண்டிவிட்டால், வியர்வையை உலர்த்தும் உதவியைத் தந்தாலும், காற்று தன் வெப்பத்தையும் உடலில் ஏற்றிவிடும். வட இந்தியாவின் 'லூ' என்னும் கோடைக்காற்று வீசும்போது வீடுகளில் சன்னலை மூடுவது இதனால்தான். 45 டிகிரியில் ஓடும் லாரியின் திறந்த சன்னல் ஓட்டுநரின் மீது உலைக்காற்றை வீசுகிறது. காற்றின்றிக் குளிரால் பயனில்லை. ஓர் எல்லைக்கு மேல் குளிரின்றிக் காற்றாலும் பயனில்லை.

3. சூடேற்றியின் வீட்டுக்குக் குடிவந்த குளிர்

அமெரிக்கக் காரில் ஏ.சி. முதலில் தவறான இடத்தில் நுழைந்தது. 1940ஆம் ஆண்டு மாதிரிகளுக்கென பாக்கார்டு நிறுவனம் 1939இல் காட்டிய ஏ.சி. 274 டாலர் விலையுள்ள ஒரு கூடுதல் வசதி. அதன் குளிர்ச்சுருள் பின்னிருக்கைக்கும் பின்னால் இருந்தது. கம்ப்ரசரைத் தனியே நிறுத்தும் கிளட்ச் இல்லை. குளிர் வேண்டாத பருவத்தில் இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி வைக்க வேண்டும். ஓட்டுநரின் கையில் இருந்த ஒரே கட்டுப்பாடு ஊதியின் வேகம். சில ஆண்டுகளிலேயே அது கைவிடப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன்பே, 1938இல், நாஷ் நிறுவனம் 'வெதர் ஐ' என்னும் சூடேற்றியை அறிமுகப்படுத்தியிருந்தது. முன்கண்ணாடியின் அடியிலிருந்து வெளிக்காற்றை எடுத்து, வடிகட்டி, சூடான சுருளின் ஊடாகச் செலுத்தி உள்ளே அனுப்பும் ஏற்பாடு அது. காருக்குள் காற்றுக்கென ஒரு பாதை அமைந்தது இவ்வாறுதான். 1954இல் அதே நிறுவனம் அந்தப் பாதையிலேயே குளிர்ச்சுருளையும் சேர்த்து, எல்லா உறுப்புகளையும் வண்டியின் முன்பகுதியில் அடக்கியது. இன்றைய கார்களும் லாரிகளும் பெரும்பாலும் இவ்வடிவத்தின் வழிவந்தவையே. சூடேற்றிக்காகக் கட்டிய வீட்டில் குளிர் பின்னர் குடிவந்தது. ஒரே ஊதி, ஒரே பெட்டி, ஒரே குழாய்வழி. காற்றைத் திசைதிருப்ப உள்ளே சில மடல்கள்.

இந்திய லாரிக்கு அந்த வீடே இல்லை. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடாவும் டைம்லர்-பென்ஸும் இணைந்து லாரித் தயாரிப்பைத் தொடங்கின. சென்னை எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1955இல் லேலண்டுடன் இணைந்து அசோக் லேலண்டாயிற்று. பல பத்தாண்டுகளுக்கு இத்தகைய ஆலைகளிலிருந்து பெரும்பாலும் வெளிவந்தவை இன்ஜினும் சக்கரமும் உள்ள சேஸிஸ்களே. ஓட்டுநர் அறையைக் கட்டியவர்கள் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, பஞ்சாபின் சிர்ஹிந்த் போன்ற ஊர்களின் பாடி கட்டும் பட்டறையினர். மரச்சட்டமும் தகடும் கொண்டு அவர்கள் கட்டிய அறைகளில் கைவினையும் வண்ணமும் இருந்தன. படுக்கைப் பலகையும் சாமி படத்துக்கு மாடமும் இருந்தன. காற்றுக்குப் பாதை மட்டும் இல்லை. சன்னலும், முன்புறத்தில் திறந்து மூடும் சிறு கதவுகளும், ஓட்டுநர் தம் செலவில் பொருத்திக்கொண்ட சிறு மின்விசிறியுமே காற்றோட்டம். இன்ஜின் ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் நடுவே மேடுபோல் நின்று அறையைச் சூடாக்கியது.

முற்றிலும் ஆலையிலேயே கட்டிய அறைகள் கனரக லாரிகளில் இடம்பிடித்தது பின்னர்தான். 1998இல் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டையில் வால்வோ லாரிகள் உற்பத்தியாகத் தொடங்கியதும், 2009இல் டாடாவின் பிரைமா வெளிவந்ததும் இம்மாற்றத்தின் இரு மைல்கற்கள். இப்போது பட்டறைக்கு வரும் 'பழைய ஏ.சி. லாரி' என்பது இந்தத் தலைமுறையைச் சேர்ந்ததாகவோ, பிற்காலத்தில் தனியாக ஏ.சி. பொருத்தப்பட்டதாகவோ இருக்கும். ஒடிசாவின் ஜோடா–பார்பில் பகுதியில் இரும்புத்தாது ஏற்றியோ, ராஜஸ்தானின் மக்ரானாவில் பளிங்கு ஏற்றியோ ஓடிய வண்டியானால் அதன் காற்றுப்பாதைக்குள் இருப்பது அந்நிலத்தின் புழுதி.

4. காற்றைத் தேடும் முறை

பழைய லாரியில் காற்று மெலிந்தால் அதன் பாதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை மனத்தில் வரைந்துகொள்வதே முதற்பணி. முன்கண்ணாடியின் அடியிலுள்ள வாயில் வெளிக்காற்று நுழைகிறது. வடிகட்டி இருந்தால் அதைக் கடக்கிறது. பழைய வண்டிகள் பலவற்றில் வடிகட்டியே கிடையாது. அடுத்து, வெளிக்காற்றா உட்காற்றா என்று தேரும் மடல். பிறகு உருளைக்கூடு போன்ற ஊதிச் சக்கரம். அதன்பின் கூலிங் காயில். பாடநூல்கள் ஆவியாக்கி என்பது இதையே. பிறகு, சூடேற்றி இருக்கும் வண்டிகளில், வெப்பமும் குளிரும் கலக்கும் மடல். கடைசியாக முகம், கால், கண்ணாடி எனத் திசை பிரிக்கும் மடலும், டேஷ்போர்டின் காற்றுவாய்களும். இவ்வரிசையில் எந்த இடத்திலும் காற்று அடைபடலாம், அல்லது வழிமாறலாம்.

முதற்கேள்வி எளியது: காற்றுவாயில் கைவைத்தால் வருவது குளிர்ந்த மெல்லிய காற்றா, வெதுவெதுப்பான வலிய காற்றா? முன்னதானால் கேஸில் குறை தேடுவதற்கு முன் காற்றுப்பாதையைப் பார்க்க வேண்டும். மெல்லிய காற்று குளிர்ச்சுருளின் மீது மெதுவாகச் செல்வதால் வழக்கத்தைவிடக் கூடுதலாகவே குளிரும். 'குளிர் நன்றாக இருக்கிறது, அறைதான் குளிரவில்லை' என்று ஓட்டுநர் சொன்னால், அது முரண்பாடு போல் தோன்றினாலும் துல்லியமான நோய்க்குறி.

இரண்டாவது, காதால் அறிவது. ஊதியை உச்ச வேகத்தில் வைத்துக் கேட்க வேண்டும். மோட்டார் முழுமூச்சில் இரைந்தும் காற்றுவாயில் காற்று இல்லையென்றால் அடைப்போ வழிமாற்றமோ இருக்கிறது. மோட்டாரின் ஒலியே தளர்ந்திருந்தால் குறை மோட்டாரிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ இருக்கிறது. இந்த ஒரு பிரிவு தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

மூன்றாவது, வேகக் குமிழை ஒவ்வொரு படியாகத் திருப்புவது. பழைய வண்டிகளில் குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ஒரு மின்தடையின் வழியே செல்கிறது. பட்டறைப் பேச்சில் ரெசிஸ்டர். உச்ச வேகத்தில் பெரும்பாலும் அதைத் தவிர்த்து, ரிலே வழியாக நேரே செல்கிறது. ஆகவே உச்ச வேகம் மட்டும் இயங்கி மற்றவை இயங்காவிட்டால் ரெசிஸ்டர் போயிருக்கிறது. உச்ச வேகம் மட்டும் இயங்காவிட்டால் ரிலேயையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். எல்லா வேகமும் தளர்ந்திருந்தால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம், அல்லது வழியில் மின்னழுத்தம் இழக்கப்படலாம்.

கடைசிச் சொன்னதை வோல்ட்மீட்டர் உடனே காட்டும். இன்ஜின் ஓடுகையில் 24 வோல்ட் லாரியின் மின்கலத்தில் 27, 28 வோல்ட் இருக்கும். உச்ச வேகத்தில் மோட்டார் முனையில் 22 மட்டுமே இருந்தால், மீதி இடையிலுள்ள இணைப்பிலோ எர்த்திலோ வெப்பமாக வீணாகிறது. கருகி உருகிய பிளாஸ்டிக் சாக்கெட் அதன் சாட்சி. இழப்பு சிறிதாகத் தோன்றினாலும் விளைவு சிறிதன்று. ஊதியின் சுழற்சி வேகம் குறையும் அதே விகிதத்தில் காற்றின் அளவும் குறையும். அது காற்றைத் தள்ளும் அழுத்தமோ வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் குறையும். வேகம் பாதியானால் அழுத்தம் கால்பங்கு. நீண்ட குழாய்வழியின் கடைக்கோடியில் இருக்கும் ஓட்டுநருக்கு அது நன்றாகத் தெரியும்.

ரெசிஸ்டரில் ஒரு நுட்பம் உண்டு. தன்னில் பிறக்கும் சூடு தணிவதற்காக அது காற்றுப்பாதைக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். காற்று அடைபட்டால் அதன் சூடு தணியாது, எரிந்துபோகும். மோட்டார் இறுகிக் கூடுதல் மின்சாரம் இழுத்தாலும் எரியும். புதிய ரெசிஸ்டர் போட்ட சில மாதங்களில் மீண்டும் எரிந்தால், எரிந்தது விளைவு; காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஒரே பாகத்துக்கு மூன்று முறை பணம் கொடுப்பவர், உண்மையில் காணப்படாத வேறொரு பழுதுக்கு வட்டி கட்டுகிறார்.

நான்காவது, வெளிக்காற்று–உட்காற்று மடலை மாற்றிப் பார்ப்பது. உட்காற்றுக்கு மாற்றியதும் காற்று வலுத்தால் அடைப்பு வெளிவாயிலில்: இலைச்சருகு, புழுதி, அல்லது ஆண்டுக்கணக்கில் மாற்றாத வடிகட்டி. இரு நிலைகளிலும் மெலிவு ஒன்றாக இருந்தால் தேடல் ஊதியையும் அதற்கு அப்பாலுள்ள கூலிங் காயிலையும் நோக்கி நகர வேண்டும். வடிகட்டி இல்லாத வண்டியில் கூலிங் காயிலே வடிகட்டியாகிவிடும். எப்போதும் ஈரமாக இருக்கும் அதன் நெருங்கிய தகடுகளில் புழுதியும் நூலிழையும் படிந்து, கம்பளி போர்த்தியதுபோல் ஒரு படலம் உண்டாகும். ஈரமண் நாற்றம் அதன் அடையாளம்.

ஐந்தாவது, திசைகளைச் சோதிப்பது. முகத்துக்கு வராத காற்று காலுக்கோ கண்ணாடிக்கோ வலுவாக வந்தால் ஊதியில் குறையில்லை, திசைபிரிக்கும் மடலில்தான். முந்தைய தலைமுறை அமெரிக்கப் பிக்கப் லாரிகளில் இதற்குப் புகழ்பெற்ற ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவற்றின் மடல்களை இயக்கியது இன்ஜினின் வெற்றிடம். மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வெற்றிடம் குறையும். குழாயில் சிறு கசிவு இருந்தால் மடல் தன் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். அந்த இயல்பு நிலை கண்ணாடியை நோக்கியது. பழுதானாலும் பார்வை மறையக்கூடாது என்னும் பாதுகாப்பு எண்ணத்தில் அவ்வாறு வைத்தனர். மேட்டில் மறையும் காற்று சமவெளியில் திரும்பிவரும். நின்ற வண்டியைப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

ஆறாவது, காலத்தைக் கேட்பது. புறப்பட்டபோது நன்றாக ஊதி, ஒரு மணி நேரத்தில் மூச்சடைத்து, தாபாவில் அரைமணி நிறுத்தி ஏறியதும் மீண்டும் ஊதினால், கூலிங் காயிலில் பனி உறைகிறது. காற்றின் ஈரம் தகடுகளில் உறைந்து வழியை அடைக்கிறது. நிறுத்தியதும் உருகி, வழக்கத்தைவிட மிகுதியான நீர் கீழே வடிகிறது. ஆர்-134ஏ கேஸ் 0 டிகிரியில் ஆவியாகும் அழுத்தம் கேஜில் ஏறக்குறைய 28 பி.எஸ்.ஐ. தாழ்அழுத்தப் பக்கம் நெடுநேரம் அதற்கும் கீழே நின்றால் உறைதல் எதிர்பார்க்கத்தக்கதே. இதற்குக் காரணங்கள் பல: உறைவதற்கு முன் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் செயலிழந்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம், அல்லது காற்று ஏற்கெனவே மெலிந்து, அம்மெலிவே சுருளை உறையவைத்து, உறைந்த சுருள் காற்றை மேலும் மெலியவைக்கும் சுழல் தோன்றியிருக்கலாம். காற்றின் பழுதும் குளிரின் பழுதும் ஒன்றையொன்று தொடும் இடம் இதுவே. அதனால்தான் கேஸ் நிரப்பியதும் சில வண்டிகளில் காற்றும் சேர்ந்து சரியாகிறது. அந்தச் சில வெற்றிகளே எல்லா மெலிவுக்கும் கேஸ்தான் மருந்து என்னும் நம்பிக்கையை வளர்த்தன.

பழுது நீக்குவதாலேயே பிறக்கும் பழுதும் ஒன்று உண்டு. மோட்டார் மாற்றுகையில் இரு வயர்களும் இடம்மாறிவிட்டால் சக்கரம் எதிர்த்திசையில் சுழலும். சாதாரண மின்விசிறியானால் காற்றும் திசை மாறி, தவறு உடனே தெரிந்துவிடும். உருளைக்கூட்டு ஊதி அப்படியன்று. எதிர்த்திசையில் சுழன்றாலும் காற்றை அதே வழியில்தான் தள்ளும், மிகவும் பலவீனமாக. புது மோட்டார், முழு மின்னழுத்தம், தூய்மையான சுருள், இருந்தும் மெல்லிய காற்று. இதைக் கண்டுபிடிக்க வண்டியைப் பார்த்தால் போதாது. சென்ற முறை அதை யார் திறந்தார், எதை மாற்றினார் என்று கேட்க வேண்டும்.

5. சாட்சியும் தடயமும்

இத்தாலிய வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1979இல் தடயங்களைப் பற்றி எழுதிய கட்டுரை, மருத்துவரையும் துப்பறிவாளரையும் ஓவியத்தின் உண்மையான கையை அடையாளம் காணும் வல்லுநரையும் ஒரே அறிவு மரபில் வைத்தது. சிறு அடையாளத்திலிருந்து காணமுடியாத காரணத்துக்குச் செல்வது அம்மரபின் வழி. ஏ.சி. மெக்கானிக்கும் அதில் இடம்பெறத் தக்கவர். ரெசிஸ்டர் மீண்டும் எரிவது ஒரு தடயம். தாபாவில் குணமாகும் நோய் ஒரு தடயம். உருகிய சாக்கெட் ஒரு தடயம்.

ஆனால் மேலே கண்ட ஆறு சோதனைகளில் பலவற்றுக்கு முதன்மைச் சாட்சி மெக்கானிக் அல்லர், ஓட்டுநர். மேட்டில் மறைவதையும், ஒரு மணி நேரத்தில் உறைவதையும், மாதக்கணக்கில் சிறிது சிறிதாக மெலிவதையும் அறிந்தவர் அவர் ஒருவரே. அவருடைய சாட்சியம் 'கூலிங் இல்லை' என்னும் இரு சொற்களாகச் சுருங்கிப் பட்டறையை அடையும்போது, சான்றின் பெரும்பகுதி வழியிலேயே தொலைந்துவிடுகிறது. அச்சாட்சியம் உரிமையாளரின் தொலைபேசி வழியே செல்லும்போது மேலும் தேய்கிறது. செலவை ஏற்பவர் ஒருவர். வெக்கையை ஏற்பவர் மற்றொருவர்.

கம்ப்ரசர் நின்றால் அது ஒரு நிகழ்ச்சி, அன்றே தெரியும். காற்று மெலிவது அப்படியன்று. நாள்தோறும் ஒரு படலம் புழுதி சேர்ந்து, ஓர் ஆண்டில் ஓட்டுநர் அதற்குப் பழகிவிடுகிறார். சன்னலைச் சற்றே இறக்கிவைக்கிறார். பிறகு முழுவதும் இறக்குகிறார். பிறகு டீசல் மிச்சமாகட்டுமென்று ஏ.சி.யை அணைத்துவிடுகிறார். தாளில் அது ஏ.சி. வண்டி. உள்ளே, அவருடைய தந்தை ஓட்டிய மரச்சட்ட அறையின் வெக்கை திரும்ப வந்திருக்கிறது. அந்த அறையின் முன்புறத்தில் இருந்த காற்றுக்கதவுகள்கூட இதில் இல்லை.

2025ஆம் ஆண்டு விதி, காற்றுக்குப் பாதையே இல்லாதிருந்த ஒரு தொழிலுக்கு அப்பாதையைச் சட்டத்தால் கொடுத்திருக்கிறது. அதன் பயன் வண்டி வெளிவரும் நாளில் காட்டும் குளிரில் முடிவதில்லை. பத்தாண்டு கழித்து வடிகட்டியை மாற்ற ஒருவர் நினைவில் வைத்திருப்பதிலும், கேஸ் சிலிண்டரை எடுக்குமுன் காற்றுவாயில் ஒருவர் கைவைத்துப் பார்ப்பதிலும், 'எப்போது குறைகிறது, எங்கே குறைகிறது' என்று ஓட்டுநரிடம் ஒருவர் கேட்பதிலும் அது நிலைபெற வேண்டும். ஓட்டுநர் பயிற்சியில் 'குளிர் இல்லை', 'காற்று இல்லை' என்னும் இரு வாக்கியங்களையும் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை. கிரேமர் பெயரிட்டபோது முதலில் வைத்த சொல் காற்று. பழைய லாரியின் பழுதைத் தேடுபவரும் அங்கிருந்தே தொடங்குவது நல்லது.